நூல் பிடித்த சரிவும் நூல் தவறிய சரிவும்

கீழ்வானில் வெளுப்புப் பரவி, இருளில் ஒன்றாய்க் கிடந்த இரண்டு மலைச்சரிவுகளையும் மெல்லப் பிரித்துக் காட்டிய அவ்வைகறைப் பொழுதில், அவற்றின் இடையே ஓடிய ஓடை பனியைப் போர்த்திக்கொண்டு இன்னும் எழ உள்ளமின்றிக் கிடந்தது. படிப்பவரே, அச்சரிவுகளைச் சற்றே நின்று பாருங்கள். கிழக்கே ஊசியிலை மரங்கள் ஒரே உயரமும் ஒரே பருமனுமாய், அடிமுதல் முகடுவரை வரிசை பிசகாமல் அணிவகுத்து நின்றன. மேற்கேயோ நெட்டையும் குட்டையும், அகன்ற இலையும் குறுகிய இலையும், பாறையைக் கட்டிப்பிடித்த வேரும் பாறைமேல் சாய்ந்த கிளையுமாய், சந்தைக் கூட்டம்போல் மரங்கள் முண்டியடித்துக்கொண்டிருந்தன.

ஒரு தலைமுறைக்கு முன் அங்கே நிழலென்று சொல்ல ஒன்றும் இல்லை. வெட்டித் தீர்த்த மலைகள் மழைதோறும் மண்ணைக் கரைத்துவிட, ஆறுகள் தூர்ந்து வெள்ளம் விளைநிலங்களுள் புகுந்தபோது, அஞ்சிய அரசு நாடெங்கும் மரம் நடச் சொன்னது. நட்டு வளர்த்த காட்டின் பரப்பு ஆண்டுக்கு ஆண்டு ஏறிற்று. அந்த ஏற்றத்தில் கிழக்குச் சரிவைத் தன் பங்காய்த் தந்தவள்தான் இக்கதைக்கு உரியவள். முளையடித்து, நூல் இழுத்து, நூலுக்கு ஒரு விரற்கடை விலகாமல் கன்று வைத்தவளாதலால் ‘நூல்காரி’ என்றே அவளுக்குப் பெயர் நிலைத்தது.

மேற்குச் சரிவை நட்டவர் அவள் கணவர். நூல் காட்டிய இடத்தில் பாறை இருந்தால், நூலை விட்டுவிட்டு மண் இருக்கும் இடத்தைத் தேடிப் போனவர். நாற்றங்காலில் கழித்துப் போட்ட பலவகைக் கன்றுகளையும் இரங்கிக் கூடையில் அள்ளிச் சென்றவர். கண்டு கொதித்த மேற்பார்வையாளர் அவருக்குக் ‘கோணல்’ எனப் பெயரிட்டு, அடுத்த பருவம் முதல் குழி வெட்ட மட்டுமே அழைத்தார். அன்று தொடங்கி வீட்டுச் சுவரில் ஓர் ஆணி சாய்ந்தாலும், கொடியில் துணி கோணினாலும், “மலையிலயே நேரா நடத் தெரியல, இது மட்டும் நேரா வந்துடுமா?” என்று அவள் சீண்டுவாள்; அவர் சிரித்து மழுப்புவார். அச்சிரிப்பின் அடியில் ஒரு வலி இருந்ததை அவள் அறிவாள், அறிந்தும் விட்டதில்லை.

இருவரும் இப்போது மலையடியில் தீக்காவல் பார்த்துவந்தனர். அன்று காலை, நாட்டின் காடுகளை அளந்து வகைபிரிக்க வந்த அளவையாளர், அவர்கள் வழிகாட்டக் கிழக்குச் சரிவில் ஏறினார். ஒற்றைக் கண்ணை மூடி ஒரு வரிசையைப் பார்த்தவர், முகடுவரை தடையின்றி ஓடிய பார்வையில் தம்மையே மறந்தார்.

“இவ்வளவு நேரா நட்டது யாரும்மா?”

“நான்தாங்க,” என்றாள் அவள், முந்தானையைச் சரிசெய்தபடி.

“அருமையா இருக்கு. நட்ட காடுதான், ஐயமே இல்ல. மரமும் முத்திடுச்சு. வர்ற கோடையில வெட்ட வருவாங்க, தாள் ஆலைக்கு.”

வெட்டிய இடத்தில் திரும்ப நடுவார்களா என்று அவள் கேட்டாள். நாடெங்கும் இப்போது நடவு குறைந்து வெட்டு மிகுந்துவிட்டது என்றும், அது தம் கையில் இல்லை என்றும் அவர் தாழ்ந்த குரலில் சொன்னார். அவள் அருகிலிருந்த மரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

ஓடையைக் கடந்து மேற்குச் சரிவுக்கு வந்ததும் அளவையாளர் அண்ணாந்து நின்றார். “இது தானா வளர்ந்த காடு போலிருக்கே. அப்படின்னா இதுல யாரும் கை வைக்க முடியாது. பழைய நடவுப் பதிவெல்லாம் போன வருச வெள்ளத்துல போயிடுச்சு, அதான் கேக்குறேன். ஐயா, இங்க யாராவது நட்டாங்களா?”

கணவரின் உதடுகள் அசைந்தன. இக்கேள்வியை யாரேனும் ஒருவர் கேட்கமாட்டாரா என்று வாழ்நாளெல்லாம் காத்திருந்த மனிதர் அவர். நான் நட்டேன் என்றால் காடு போய்விடும். இல்லை என்றால் அவர் நட்டதே போய்விடும். சொல்லவும் மாட்டாமல் மறுக்கவும் மாட்டாமல், “அவளக் கேளுங்க” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவளுக்குள் பொறாமை எழுந்தது, மறைப்பானேன்? நேராக நட்டது சாக, கோணலாக நட்டது வாழ்வதா? ஒரு சொல் போதும், இரண்டும் ஒன்றாய்ச் சாயும். அவள் கணவரின் முதுகைப் பார்த்தாள். கூடை சுமந்து சுமந்து ஒரு பக்கம் இறங்கிப்போன தோளைப் பார்த்தாள்.

“யாரும் நடலைங்க,” என்றாள். “இவரு வேணா இங்க சுத்திட்டிருந்தாரு. இவருக்குத்தான் நடவே வராதே, ஊருக்கே தெரியும்.”

அளவையாளர் நகைத்தபடி குறித்துக்கொண்டு இறங்கினார். கணவர் அருகிலிருந்த மரத்தின் பட்டையைத் தடவிப் பார்த்தார். பிறகு, “கடைசி வரைக்கும் நீ அத விடல பாத்தியா,” என்றார். சொன்னவர் கண்கள் நிறைந்திருந்தன.

“நல்லா நட்டிருக்கீங்க,” என்றாள் அவள். சொல்லிவிட்டுக் கிழக்குச் சரிவைப் பார்த்து அழுதாள்.

கோடையில் கிழக்குச் சரிவு வெறுமையாயிற்று. நாட்டின் கணக்கில் நட்ட காடு ஒரு சரிவளவு குறைந்தது. தானே வளர்ந்த காடு ஒரு சரிவளவு கூடிற்று. முதல் மழை மண்ணை நனைத்த காலையில், மேற்குச் சரிவின் மரநிழலில் முளைத்துக் கிடந்த கன்றுகளை வேரோடு அள்ளிக் கூடையில் நிரப்பி, அவள் அடிக்கட்டைகளின் நடுவே ஏறினாள். பின்னால் வந்த கணவர், “நூல் எங்க?” என்றார்.

“வீட்டுல இருக்கட்டும். மண்ணு எங்க இருக்குன்னு நீங்க சொல்லுங்க.”

அவர் ஒரு பாறையின் ஓரத்தைக் காட்டினார். நேர்மை பழகிய அந்தக் கை முதன்முறையாக வரிசை தவறி ஒரு கன்றை ஊன்றிற்று. இனி ஒருநாள் யாரேனும் வந்து கேட்டால், இங்கும் யாரும் நடவில்லை என்றே மலை சொல்லட்டும் என அவள் மண்ணை அணைத்து மிதித்தாள்.