கனடா மச்சானின் கிளச்

அக்கராயனில் அப்புத்துரையர் ஓடித்திரிந்த கார் அவருடையது அல்ல. இது ஊரில் எல்லாருக்கும் தெரியும். காருக்கும் தெரியும் என்றே சொல்லவேண்டும். அப்புத்துரையர் ஒருவருக்குத்தான் இடைக்கிடை மறந்துபோகும்.

சொந்தக்காரர் தவேந்திரன், அப்புத்துரையரின் மனைவி நாகேஸ்வரியின் தம்பி, கனடாக்காரர். போன முறை வந்தபோது, வாடகை வாகனத்தில் திரிவது தன் தகுதிக்குக் குறைவு என்று கண்டு, ஒரு பழைய ஜப்பான் காரை வாங்கினார். திரும்பிப் போகும்போது சாவியை அப்புத்துரையரின் கையில் வைத்து, "அத்தான், நான் வரேக்குள்ள கார் இப்பிடியே இருக்கவேணும். இல்லாட்டி ஓமந்தையில கொண்டுபோய் விட்டிடுவன்" என்றார்.

ஓமந்தையில் இருப்பவர் வீரகத்தி, நாகேஸ்வரியுடைய அக்காவின் கணவர். அவரும் தவேந்திரனுக்கு அத்தான்தான். பஸ் ஓடி ஓய்வு பெற்றவர். வீட்டோடு சேர்த்துச் சீமெந்தில் ஒரு கார்க் கொட்டகை கட்டி, கார் ஒன்றுதான் குறை என்று நாள்தோறும் அதைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தார்.

சாவி கைக்கு வருமுன் அப்புத்துரையர் சைக்கிளில் போகிற ஒரு மனிதர், அவ்வளவுதான். சாவி வந்தபின் கலியாண வீடுகளில் அவருக்கு முன்வரிசைக் கதிரை கிடைத்தது. இரண்டாம் தரமும் பாயாசம் ஊற்றினார்கள். முன்பு முகம் கொடுத்துக் கதைக்காத பெரிய மனிதர்கள் படலைக்கு வந்து, "அப்புத்துரையர், வவுனியாப் பக்கம் போற யோசினை ஏதும் இருக்கோ?" என்று குழைந்தார்கள். இத்தனையையும் விட்டுவிட்டு மறுபடி சைக்கிளில் ஏறுவதை விட, நேரே சுடலைக்குப் போவது மேல் என்று அவர் நினைத்தார்.

ஆகையால் காரை அவர்கள் வைத்திருந்த விதம் வேறு. செருப்பைக் கழற்றாமல் யாரும் அதில் ஏற முடியாது. ஏறுகிறவர் கால் கழுவவும் படலையடியில் வாளியும் தண்ணீரும் இருந்தன. வயல் சேறு பட்டுத் தம்பியின் கார்ப்பெற் பழுதாகக் கூடாது என்று நாகேஸ்வரி அதன்மேல் பிளாஸ்ரிக் விரிப்பு ஒன்றைப் போட்டார். பிளாஸ்ரிக் கீறுப்படக் கூடாது என்று அதன்மேல் றப்பர் கால்மிதி. றப்பர் தேயாமல் இருக்க நாலாய் மடித்த உரப்பை. உரப்பை பார்க்க வடிவில்லை என்று தும்புக் கால்மிதி. அதற்கும் மேலே, சாமிப்படத்துக்குப் போடுகிற பக்தியோடு, ஒரு பழைய நூல்சீலை. காலப்போக்கில் ஸ்டியரிங்கில் முழங்கால் இடிக்கத் தொடங்கியபோது, இந்த வயதிலும் தான் வளர்வதாக அப்புத்துரையர் பெருமைப்பட்டார்.

தம்பி வருகிறார் என்று செய்தி வந்த கிழமை பார்த்து, கிளச் குழப்படி செய்யத் தொடங்கியது.

எஞ்சின் நிற்கும்போது கியர் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல இறங்கும். எஞ்சினை ஸ்டார்ட் பண்ணினால், எந்தக் கியரைத் தொட்டாலும் கழுத்தில் கத்தி வைத்த ஆட்டைப்போலக் கத்தும். அப்புத்துரையர் அதற்கும் வழி கண்டார். முதல் கியரில் போட்டுவிட்டு ஸ்டார்ட் பண்ணுவார். கார் தவளைபோல ஒரு பாய்ச்சல் பாய்ந்து புறப்படும். அதன்பிறகு எங்கும் நிற்கக் கூடாது. ஏறுகிறவர்கள் கூடவே ஓடி ஏறவேண்டும். இறங்குகிறவர்கள் தங்கள் சாமர்த்தியத்தைப் பொறுத்து இறங்கவேண்டும்.

இதில் சிக்கல் முறிகண்டிப் பிள்ளையாரால் வந்தது. அந்த வழியால் போகிற வாகனம் நின்று தேங்காய் உடைக்காமல் போவதில்லை. கார் கோயிலடியை நெருங்க, நாகேஸ்வரி கண்ணாடியை இறக்கி, "பிள்ளையாரப்பா, குறை நினையாதை" என்று தேங்காயை எறிந்தார். அது கல்லில் விழுந்து சரிபாதியாய் உடைந்ததாகவும், ஒரு பாதி காரைத் துரத்தி வந்து நாகேஸ்வரியின் மடியில் விழுந்ததாகவும் அப்புத்துரையர் சொல்வார். மனிசி மறுப்பதில்லை. அன்றிரவு வீட்டில் தேங்காய்ச் சம்பல் இருந்தது மட்டும் உண்மை.

நோய் என்ன என்று சொல்ல ஊரில் ஆளுக்குக் குறைவில்லை. வாழ்நாளில் வாகனமே வைத்திராத ஒருவர், பெற்றோலில் தண்ணீர் என்றார். அயல்வீட்டுப் பத்மாசனி காரைச் சுற்றி வந்து, "இது கண்ணூறு. கனடாக் காசைப் பாத்து எரியிற கண் எத்தினை!" என்று சொல்லி, எலுமிச்சங்காயும் செத்தல் மிளகாயும் முன்னால் கட்டிவிட்டார். அதன்பிறகு கியர் கத்தும் சத்தத்தில் கொஞ்சம் காரம் கூடியது.

கடைசியில், கிளிநொச்சியில் கராஜ் வைத்திருக்கும் சுஜிதனை அழைத்தார்கள். கையைத் துடைக்கும் சீலையைத் தோளில் சால்வைபோலப் போட்டுக்கொண்டு வந்த மனிதன் அவன். செருப்பைக் கழற்றி, கால் கழுவி, உள்ளே ஏறிப் பெடலை மிதித்தான்.

"அண்ணை, நிப்பாட்டினாக் கியர் விழுது. ஸ்டார்ட்டில விழேல்லை. அப்ப கிளச் விடுதில்லை."

"ஏன் தம்பி விடுதில்லை?"

"பெடல் பாதியில நிக்குது. பிரஷர் பிளேற் இறுகிப்போச்சு. பெயாரிங்கும் போயிருக்கும். பிளேற் கரியாத்தான் கிடக்கும். திறக்காமலே சொல்லுவன்."

"எண்டாலும் திறந்து பாத்திட்டுச் சொன்னா என்ன?"

"திறக்கத்தான் போறன். ஆனா திறக்காமலும் சொல்லுவன்."

கியர்ப் பெட்டியை இறக்கி வேப்பமரத்தடியில் சாக்கில் வைத்தார்கள். கிளச் பிளேற் வெளியே வந்தது. அதில் தேய்மானம் என்று ஒன்றும் இல்லை. சுஜிதன் அதை வெயிலில் பிடித்து, திருப்பித் திருப்பி நெடுநேரம் பார்த்தான்.

"இது பாருங்கோ, வெளியில பாக்க நல்லாக் கிடக்கும். உள்ளுக்குத்தான் பழுது."

"தட்டுக்கு ஏதடா தம்பி உள்ளுக்கு?"

"அதுதான் அண்ணை ஆபத்து. ஒருத்தருக்கும் தெரியாது."

மறுநாள் தவேந்திரன் வருகிறார். கராஜ்காரன் கழற்றியதையெல்லாம் துடைத்து, கழற்றிய மாதிரியே திரும்பப் பூட்டினான். அதற்கிடையில் நாகேஸ்வரி, தம்பி வரமுன் உள்ளே சுத்தம் பண்ணவேண்டும் என்று, சீலை முதல் பிளாஸ்ரிக் வரை எல்லாவற்றையும் இழுத்தெடுத்துத் தோய்த்து வேலியில் போட்டார். மாலையில் அப்புத்துரையர் ஏறி ஸ்டார்ட் பண்ணிக் கியரைத் தொட்டார். சத்தமே இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று, பின்கியர், எல்லாம் கும்பிட்டு விழுந்தன.

"நான் கை வச்சனானெல்லே!" என்று சுஜிதன் தோள் சீலையை உதறிப் போட்டான்.

அப்புத்துரையர் காலைப் பார்த்தார். பெடல் நிலம்வரை போயிருந்தது. பிறகு வேலியில் காய்ந்த ஐந்து விரிப்புகளையும் பார்த்தார். அடிவரை போனால் விடுகிற கிளச்சுக்கு, மனிசி அடியையே இல்லாமல் பண்ணி வைத்திருந்தார். இந்தக் கதை கனடாவுக்குத் தெரிந்தால், கார் ஓமந்தைக்குப் போகும்; சிரிப்பு அதற்கு முன்னமே போய்ச் சேர்ந்துவிடும்.

"காய்ஞ்ச உடனை திரும்ப விரிக்கவேணும்" என்றார் நாகேஸ்வரி.

"விரியாதையும்."

"ஏனப்பா? கார்ப்பெற் ஊத்தையாப் போகுமெல்லே?"

"உம்மட தம்பி கார்ப்பெற்றைக் கண்ணால பாக்கட்டுமன்."

மறுநாள் தவேந்திரன் தடித்த சப்பாத்தோடு வந்து இறங்கினார். வீரகத்தி அதற்கு முன்னரே முதல் பஸ்ஸில் வந்து, புதுச் சேட்டுப் போட்டுக்கொண்டு முற்றத்தில் நின்றார். அயலும் கூடியிருந்தது. தவேந்திரன் காரைச் சுற்றி வந்து, கதவைத் திறந்து மூடி, "இந்தமுறை நானே ஓடிப் பாக்கப்போறன். பாத்திட்டுத்தான் சாவி ஆருக்கெண்டு சொல்லுவன்" என்றார். போன முறை முழுக்க, கூலிக்கு ஆள் பிடித்து ஓடவிட்டுப் பின்சீற்றில் இருந்தவர் அவர்.

குளத்துக்குப் போகும் பாதையில் கார் எழுந்தது, விழுந்தது, நின்றது. மறுபடி எழுந்தது. கனடாவில் முப்பது வருடமாக அவர் ஓடிய எந்தக் காருக்கும் கிளச் இல்லை. அங்கே இடக்காலுக்கு ஓய்வூதியம். இங்கே அந்தக் கால், சும்மா இருந்து பழகிய அதிகாரியைப்போல, நினைத்தபோது மிதித்து நினைத்தபோது விட்டது. மேய்ந்துகொண்டு நின்ற மாடுகள், காரில் சாமி வந்துவிட்டது என்று எண்ணியோ என்னவோ, ஒதுங்கி நின்று பார்த்தன. கடைசியில் எரிந்த மணத்தோடு கார் படலைக்குள் வந்து செத்தது.

தவேந்திரன் இறங்கி நெற்றியைத் துடைத்தார். எல்லாரும் அவர் வாயைப் பார்த்தார்கள்.

"கிளச் சரியில்லை" என்றார்.

வீரகத்தி சிரித்துவிட்டார். "தம்பி, நான் முப்பது வருசம் பஸ் ஓடினனான். கிளச்சில ஒரு பிழையும் இல்லை. பிழை உம்மட காலிலை."

தவேந்திரனின் காது சிவந்தது. அவர் மெல்லத் திரும்பி மற்ற அத்தானைப் பார்த்தார்.

அப்புத்துரையர் அந்தக் கிழமை முழுக்க, கிளச்சில் பிழை ஒன்றுமில்லை என்று எப்படி நம்பவைப்பது என்று யோசித்து நித்திரை இழந்தவர். அவர் பொனெற்றில் கையை வைத்து, காய்ச்சல் பார்ப்பதுபோலக் கண்ணை மூடினார்.

"மச்சான் சொல்றதுதான் சரி. கிளச்தான். எங்களுக்கு நாள்கணக்கில பிடிபடாத பிழை. உமக்கு ஒரு ஓட்டத்தில பிடிபட்டிட்டுது பாரும்."

"நான் ஏறின உடனையே கண்டிட்டன்" என்றார் தவேந்திரன். சாவியை எடுத்து அப்புத்துரையரின் உள்ளங்கையில் வைத்தார். "உங்களுக்குத்தான் இந்தக் காரின்ரை குணம் விளங்கும். நீங்களே வச்சிருங்கோ."

வீரகத்தி தேத்தண்ணி குடிக்காமல் பஸ்ஸுக்குப் போனார்.

அடுத்த நாள் முள்ளியவளையில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் சாப்பாடு. அப்புத்துரையர் ஓட்டினார்; நாகேஸ்வரி முன்னுக்கு, தவேந்திரன் பின்னுக்கு. ஒரு குறையும் இல்லாத கிளச்சை, மச்சானின் மரியாதை கெடாமல் பழுதாக ஓட்டுவது சின்ன வேலை அல்ல. ஒவ்வொரு கியருக்கும் காலைப் பாதியில் விட்டு, காரை ஒரு குலுக்குக் குலுக்கினார்.

"என்னப்பா இது? முந்தநாள் பின்னேரம் நல்லாத்தானே ஓடினது?" என்று நாகேஸ்வரி கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"பேசாமல் இரும்."

"பாத்தியளே அக்கா?" என்றார் தவேந்திரன், பின்சீற்றில் நன்றாகச் சாய்ந்துகொண்டு. "இதைத்தானே நான் சொன்னனான்!"

"ஓம் மச்சான்" என்ற அப்புத்துரையர், முள்ளியவளை இன்னும் எவ்வளவு தூரம் என்று கணக்குப் பார்த்து, அடுத்த கியருக்குக் காலைத் தூக்கினார்.