ஃபேன் போட்ட மாலை

“12 மே 2025. உலர்செடித் தாள்கள் விரிந்திருக்கும்போது ஃபேன் போடக் கூடாது. இன்று போட்டுவிட்டேன்.”

அதற்கு மேல் பிரான்சிக்கு எழுத ஓடவில்லை. தாவரவியல் மாலை வகுப்பு அறை வெந்துகொண்டிருந்ததால் ஒரு நிமிடக் காற்றுக்கு ஆசைப்பட்டாள். வெளியூர்க் கல்லூரியிலிருந்து இரவல் வந்த, உலர்த்தித் தாளில் ஒட்டிய இரண்டு பியோனிப் பூச்செடிகளின் பெயர்ச் சீட்டுகள் ஏற்கெனவே பசை விட்டிருந்தன, இரண்டும் பறந்தன. ஒன்று இமயமலை இனம், மற்றது சீன இனம். பூக்களோ இரண்டிலும் ஒரே பழுப்பாகக் காய்ந்திருந்தன. பதற்றத்தில் குத்துமதிப்பாக ஒட்டிவிட்டாள். நாளை தாள்கள் திரும்பிப் போகின்றன. தவறு தெரிந்தால் அந்தக் கல்லூரி இனி இந்த வகுப்புக்கு ஒரு இலைகூடத் தராது.

“ரெண்டும் சருகுதான்டி. எந்தப் பியோனி வந்து கேஸ் போடப் போகுது? ஸ்ரீரங்கம் பஸ் போயிடும், வா,” என்றாள் தோழி ஜோதி.

பிரான்சி லென்ஸை எடுத்தாள். சீன இனத்தின் இலை விளிம்பு சொரசொரப்பாக இருக்கும் என்று ஆசிரியர் சொல்லியிருந்தார். தொட்டால் பொடிந்துவிடுமோ என்று பயந்து, மூச்சை அடக்கிக்கொண்டு, ‘இமயமலை’ என்று ஒட்டிய தாளின் மேல் லென்ஸைப் பிடித்தாள். விளிம்பு நெடுக நுண்ணிய வெள்ளைப் பற்கள் தெரிந்தன.

மாற்றித்தான் ஒட்டியிருக்கிறாள். சீட்டை நகத்தால் நெம்பியதும் தாளே கிழியத் தொடங்கியது. வெடுக்கென்று கையை எடுத்துக்கொண்டாள்.

“சார்கிட்ட சொன்னா இனிமே இந்தத் தாளையெல்லாம் உன்னைத் தொடவே விடமாட்டாரு,” என்றாள் ஜோதி.

“தெரியும்,” என்றாள் பிரான்சி. குறிப்பேட்டைத் திறந்து எழுதினாள்:

“நாளை: தாள்களைக் கட்டும் முன் சாரிடம் சொல்வது. சீட்டுகளை நனைத்து எடுத்து, மாற்றி ஒட்டுவது.”