நான்காம் கட்டத்தில் எல்லாரும் சிரிக்க வேண்டும்

1

இந்தக் கதையை என் அக்கா மகளிடமிருந்து திருடினேன். அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

நான் வேதியியல் படித்தவள். அக்கா வீட்டில் தங்கி, ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். மாலையில் ஒரு நாளிதழின் படக்கதைக்கு வசனம் எழுதுகிறேன். தினம் நான்கு கட்டம். வாய் திறக்க வேண்டாத வேலை என்பதால் ஒப்புக்கொண்டேன். நாயகி பெயர் முந்திரி. வயது ஆறு. பதினொரு வருடமாக ஆறு. பெரியவர்கள் பேச்சில் முந்திரிக்கொட்டை மாதிரி நுழைவாள். நான்காம் கட்டத்தில் அப்பா, அம்மா, நாற்காலி எல்லாம் சிரிக்கும்.

"குழந்தை அழுதா யாரும்மா பார்ப்பா? கடைசிக் கட்டத்துல எல்லாருக்கும் பல்லு தெரியணும்" என்பார் ஓவியர். பல் வரைவதில் அவர் கெட்டிக்காரர்.

2

தொடங்கிப் பார்த்தவை:

அன்று ஞாயிற்றுக்கிழமை, வீடு அமைதியாக

(இல்லை.)

அக்காவும் மாமாவும் அடிக்கடி சண்டை போடுபவர்கள் அல்ல, ஆனால்

(அடிக்கடி போடுபவர்கள்தான். அக்கா படித்தால் வருத்தப்படுவாளே என்று மாற்றியிருந்தேன்.)

குழந்தைகளுக்கு எல்லாம் புரியும்

(புரியாது. எனக்கே புரிவதில்லை.)

3

நடந்தது இவ்வளவுதான். போன ஞாயிறு, சமையலறையில் அக்காவும் மாமாவும். யாரையும் கேட்காமல் மாமா வேறு ஊரில் வேலைக்கு ஒப்புக்கொண்டிருந்தார். நான் கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். ஒரே தலையணை உறையை நான்கு முறை மடித்தேன்.

"போறதுன்னா போங்க. பிள்ளை என்கூடத்தான் இருப்பா."

"அதை அவ சொல்லட்டும். நீ என்ன சொல்றது?"

அக்கா மகளுக்கு எட்டு வயது. இடுப்பில் கை வைத்துக்கொண்டு, முந்திரி நடப்பது போலவே உள்ளே போனாள்.

"யாரு ஜெயிப்பீங்கன்னு முதல்ல சொல்லுங்க. நான் அந்தக் கட்சி!"

அது வியாழக்கிழமை வந்த வசனம். நான் எழுதியது. படக்கதையில் அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

மாமா சிரிக்கவில்லை. "பார்த்தியா, கட்சி கட்டப் பழக்கி வெச்சிருக்கே" என்றார் அக்காவிடம். அக்கா அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். "யாருடி உனக்கு இதைச் சொல்லிக் குடுத்தா?"

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். காட்டிக்கொடுக்க அல்ல. அடுத்த வசனத்துக்காக.

'நான்தான் எழுதினேன்.' இரண்டே சொல். நான் ஐந்தாவது முறை உறையை மடித்தேன்.

மாமா அன்றே ஒரு பையோடு கிளம்பிவிட்டார்.

4

இந்தக் கதையை முதலில் எழுதியபோது, மாமா போனதும் அவள், "பெரியவங்களுக்கு ஏன் சிரிக்கவே தெரியல?" என்று கேட்பதாக எழுதினேன். அடித்துவிட்டேன். மறுபடியும் முந்திரிதான் பேசினாள்.

உண்மையில் அவள் மறுநாள் பல் தேய்த்துக்கொண்டே கேட்டது: "சித்தி, நான் வேகமா சொல்லிட்டேனா?"

அன்றிலிருந்து கண்ணாடி முன் நின்று அதே வசனத்தை மெதுவாகச் சொல்லிப் பார்க்கிறாள். சோதனை தோற்றதும் தன் கையைத்தான் சந்தேகப்பட்டாள். சூத்திரம் தப்பாக இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. அது சித்தி எழுதியது.

5

இன்று ஆறு மணிக்கு மாமா மீதிச் சாமான்களை எடுக்க வருகிறார். மதியமே அவள் என்னிடம் வந்து கேட்டுவிட்டாள்.

"நல்லதா ஒண்ணு எழுதிக் குடு சித்தி. அப்பா சிரிச்சுட்டாருன்னா போக மாட்டாரு."

"யாரு சொன்னா?"

"பேப்பர்ல எப்பவும் அப்படித்தானே வருது."

ஒரு முடிவு: எழுதிக் கொடுக்கிறேன். மாமா சிரித்து, பையைக் கீழே வைக்கிறார். இதைப் பத்து நிமிடத்தில் எழுதினேன். நன்றாக வந்திருந்தது. பயந்துபோய்க் கிழித்தேன்.

இன்னொரு முடிவு: எந்த வசனமும் பலிக்காது என்று சொல்லிவிடுகிறேன். "அப்போ நீ தினம் எழுதறது பொய்யா?" என்கிறாள். அதற்கு மேல் என்னால்

6

மணி ஐந்து ஐம்பது. என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்கிறாள். தன் வசனம் என்று நினைத்து, மேசையில் பரப்பியிருக்கும் இந்தத் தாள்களைப் படிக்கிறாள். உதடு அசைகிறது. சமையலறைச் சண்டை வரை படித்துவிட்டாள். தாளைக் கவிழ்த்துவிடலாம். கவிழ்க்கவில்லை.

வாசகரே, மன்னியுங்கள். இனி இது அவளுக்கு.

நீ வேகமாகச் சொல்லவில்லை. நன்றாகத்தான் சொன்னாய். மெதுவாகச் சொல்லியிருந்தாலும் அப்பா போயிருப்பார். நீ சமையலறைக்குள் வருவதற்கு முன்பே அவர் முடிவு செய்துவிட்டார். பேப்பரில் வரும் அப்பாவை ஓவியர் சிரிக்க வைக்கிறார். உன் அப்பாவைச் சிரிக்க வைப்பது உன் வேலை இல்லை. அம்மா உன்னை உலுக்கியபோது நான் பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. அது என் தப்பு.

படித்து முடித்துவிட்டாள். அவள் மூச்சு என் கழுத்தில் படுகிறது.

"அழுதா பரவாயில்லையா?"

"பரவாயில்ல."

"அப்பா போயிடுவாரா?"

எனக்குத் தெரியாது என்று எழுதுகிறேன். அதையும் படிக்கிறாள்.

படிக்கட்டில் செருப்புச் சத்தம். அக்கா கூடத்திலிருந்து எழுந்திருக்கிறாள்.

"அம்மா இன்னும் என்மேல கோவமா இருக்கா சித்தி. அந்த வசனத்தை நீதான் எழுதினேன்னு சொல்லு. ரெண்டு பேர்கிட்டயும்."

"எழுதிக் குடுத்துடட்டுமா?"

"வேணாம். வாயால சொல்லு." கையை நீட்டுகிறாள். "பேனாவைக் குடு."

கொடுத்தால் எழுத்து இங்கே நின்றுவிடும்; வாசகரே, நான் எழுந்து போகிறேன் என்பது வரை மட்டும்தான் உங்களுக்குத் தெரியும். கூடத்தில் என் குரல் வெளியே வந்ததா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

கொடுக்கிறேன்.