நாலு புதிய பேட்டரி

என் வாக்கிடாக்கிக்கு நாலு பேட்டரி வேண்டும். பனிக்காலத்துக்கு முன் நரின் ஊர்ச் சந்தையில் குல்சுன் கடைக்குப் போனேன். அட்டையில் சார்ஜ் கொள்ளளவு என்று பெரிய எண் போட்டிருந்ததைத்தான் முதலில் எடுத்தேன்.

“அத வைண்ணே. எண்ணு பெருசுன்னா புளுகும் பெருசு. இத எடு, சும்மா கெடந்தாலும் சார்ஜ் சீக்கிரம் எறங்காது. நாலையும் ஒண்ணாவே போடு, ஒண்ணாவே சார்ஜ் பண்ணு. பழசோட கலந்துடாத. ஜில்லுன்னு இருக்கறப்ப சார்ஜர்ல மாட்டாத” என்றாள் குல்சுன்.

“பேட்டரிக்கு இவ்வளவு சீராட்டா? பொண்டாட்டிக்கே நான் இப்படிப் பண்ணதில்ல.”

“அதான் ஓடிட்டா போல.”

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். பொண்டாட்டி செத்து மூன்று வருஷம். குல்சுனுக்குத் தெரியாது.

பனிக்காலப் பட்டியில் நானும் இருநூறு ஆடுகளும்தான். முகட்டுக்கு அந்தப் பக்கம் சப்பார் அண்ணன், அவரும் தனி. பொழுது சாயும்போது வாக்கிடாக்கியில் “இருக்கியா?” என்பார். “இருக்கேன்” என்பேன். பிறகு ஆடு, ஓநாய், வசவு. இரண்டு மாலை பதில் வராவிட்டால் மற்றவன் குதிரையேறி வந்து பார்க்க வேண்டும்.

என்னிடம் பழைய பேட்டரியும் நாலு கிடந்தது; பட்டிக்கு வந்து நாற்பது நாள் அதையே ஓட்டினேன், பிறகு அதில் சார்ஜ் நிற்கவில்லை. முரட்டுக் குட்டியைக் கிழட்டுக் குதிரையோடு சேர்த்துக் கட்டித்தான் நாங்கள் பழக்குவோம். அதே கணக்கில் இரண்டு பழசு, இரண்டு புதுசு என்று கலந்து, நாலு நாலாக இரண்டு அடுக்கு சேர்த்தேன். கிழடு இழுத்துப் போய்விடும் என்று நினைப்பு.

அன்று மாலை சப்பார் அண்ணன் “இருக்கியா?” என்றார். பேசும் பொத்தானை அமுக்கினேன், செட் அணைந்தது. அடுத்த அடுக்கை மாற்றினேன். அதுவும் அப்படியே. பழசு தானும் ஓடவில்லை, புதுசையும் ஓடவிடவில்லை.

மறுநாள் புதிய நாலையும் பிரித்தெடுத்து, சட்டைக்குள் வைத்துக் குளிர் போக்கி, கூரைமேல் இருக்கும் சோலார் தகட்டோடு சேர்ந்த சார்ஜரில் மாட்டினேன். மூன்று மணிக்குப் பச்சை விளக்கு எரிந்தது.

இன்றும் பதில் சொல்லாவிட்டால் நாளை அவர் வருவார். மனித முகம் பார்த்து நாற்பத்திரண்டு நாள். குடிசையைப் பெருக்கினேன். இன்னொரு மெத்தையை விரித்தேன். உப்புக்கறியில் இரண்டு பேருக்கு வெட்டி ஊறவைத்தேன்.

பொழுது சாய்ந்தது. செட்டை ஆன் செய்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

“எசென், இருக்கியா? டேய் கழுத, பதில் சொல்லுடா.”

கட்டைவிரல் பொத்தான்மேல் இருந்தது. அமுக்கவில்லை.

“முட்டி வீங்கிக் கெடக்குடா எனக்கு. முகட்டுல நெஞ்சு உயரத்துக்குப் பனி.” இருமினார். “சரி, விடிஞ்சதும் கெளம்புறேன். செத்திருந்தா கைகால நீட்டிச் செத்திரு. மடங்கிக் கெடந்தா குதிரையில கட்ட முடியாது.”

அமுக்கினேன். “இருக்கேன்ணே.”



“எங்கடா போய்த் தொலைஞ்ச?”

“பேட்டரிண்ணே. பழசையும் புதுசையும் கலந்துட்டேன்.”

“முட்டாப் பய. சேணத்தைக்கூட எடுத்து வெச்சுட்டேன். ஒனக்குன்னு தயிர்க்கட்டி வேற பொதிஞ்சு வெச்சேன்.”

“நீயே தின்னுண்ணே.”

“ம். நாளைக்குப் பேசு.”

செட்டை அணைத்தேன். பேட்டரிகளைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். ஊறிய கறியில் பாதியை எடுத்து, கெடாதபடி வெளியே பனியில் புதைத்துவிட்டு வந்து, இரண்டாவது மெத்தையைச் சுருட்டினேன்.