கூடையில்லாமல் இறங்கியவன்

கடற்கரை மணலில் ராமிஷ்கோ திராட்சைக் கொடி நடுவது லேசுப்பட்ட வேலையா? மேலே இரண்டு ஆள் ஆழத்துக்கு மணல், அடியில் களிமண். வேர் களிமண்ணைத் தொட்டால்தான் அந்தக் கறுப்புத் திராட்சை பிழைக்கும். குழி தோண்டுகிறவன் தலையில் கூடையைக் கவிழ்த்துக்கொண்டுதான் இறங்குவான். மணல் சரிந்து மூடினாலும், ஆட்கள் தோண்டி எடுக்கும்வரை மூச்சுவிடக் கூடைக்குள் கொஞ்சம் காற்று இருக்கும். கூடையில்லாமல் எவனும் இறங்கமாட்டான்.

அதை நம்பித்தான் எத்தெல்வினா அந்தக் காரியத்தைச் செய்தாள்.

மூன்று நாளாகக் கடல்காற்று பேயாக வீசியதில் மணல் காய்ந்து பொலபொலவென்று உதிர்ந்துகொண்டிருந்தது.

"இன்னிக்கு ஒரு நாள் வேணாம்யா, சொன்னாக் கேளு," என்றாள் புருஷனிடம்.

"வெட்டி வச்ச குச்சியெல்லாம் காயுதுடி. காஞ்ச குச்சியை நட்டா உங்கப்பன் வந்து தழைய வைப்பானா?" என்று சிரித்தான் ஜெர்மானோ.

அவன் சூப் குடிக்கும்போது கூடையைக் கொண்டுபோய்க் கழுதைக் கொட்டிலில் வைக்கோலுக்குள் செருகினாள். அவன் தேடிப் பார்த்தான், இவள் முகத்தையும் ஒருமுறை பார்த்தான், வெறுங்கையோடு கிளம்பினான். எப்படியும் திரும்பி வருவான், திட்டினால் திட்டட்டும் என்று அவனுக்குப் பிடித்த கருவாட்டை அடுப்பில் ஏற்றினாள்.

மதியம் அவன் வரவில்லை, ஆள்தான் ஓடிவந்தான்.

இவள் போய்ச் சேர்வதற்குள் அவனை வெளியே எடுத்துக் கிடத்தியிருந்தார்கள். உயிர் இல்லை. சிறுவயதிலிருந்து அவனோடு குழி தோண்டிய பெலார்மினோ, செத்தவன் வாயிலிருந்த மணலைத் துடைத்தபடி திட்டிக்கொண்டிருந்தான்.

"அறிவிருக்காடா மடையா? கூடையைத் தொலைச்சவன் வீட்டுக்குப் போக வேண்டியதுதானே!"

சுற்றி நின்றவர்களும், "திமிர், வேறென்ன," என்றார்கள்.

அவள் வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அவனைத் திட்டுவதை அவளால் தாங்க முடியவில்லை.

"அவரைத் திட்டாதீங்கண்ணே. நான்தான் ஒளிச்சு வச்சேன். இறங்கக் கூடாதுன்னு ஒளிச்சு வச்சேன்."

பெலார்மினோவின் கை நின்றது.

"இன்னிக்கு வேலை வேணாம்னுதான் அவன் முதல்ல சொன்னாம்மா. நாங்கதான், 'என்னடா, பொண்டாட்டி ஒளிச்சு வச்சிட்டாளா'ன்னு சிரிச்சோம். 'அவளை ஏண்டா இழுக்கறீங்க, நான்தான் தொலைச்சேன்'னு சொல்லிட்டு இறங்கிட்டான்."

எத்தெல்வினா புருஷன் நெஞ்சின்மேல் விழுந்தாள்.

"தெரியுமாய்யா உனக்கு? தெரிஞ்சேவா என்னைக் காட்டிக்குடுக்காம போனே?"