தட்டையாகிப் போன ஸ்பிளிண்ட்

மேசையின் தலைமாட்டில் டாக்டர் ஃபாங். அவருக்கு இடப்பக்கம், கைகால்களைத் தாங்கும் ஸ்பிளிண்ட் செய்யும் ஜிங்ரோங். எதிரே நோயாளி ஷியாங், ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். சன்னலோரம் அவர் மனைவி. நடுவே, மேசைமேல், தட்டையாக ஒரு வெள்ளைத் தகடு.

பக்கவாதத்தில் தொங்கிப்போன ஷியாங்கின் பாதத்தைத் தாங்கிப் பிடிக்க, தூஜோங் என்னும் மரத்தின் பிசினில் செய்த அந்தத் தகட்டை வெந்நீரில் இளக்கி, காலோடு ஒட்ட வளைத்துக் கொடுத்தவள் ஜிங்ரோங். தோலைச் சுடாமலிருக்கக் குறைந்த சூட்டிலேயே இளகும் வகை. அதைப் போட்ட பிறகுதான் அவர் நாலாவது மாடியிலிருந்து தனியாக இறங்கினார். அது மாகாணக் குழு நடத்தும் சோதனைத் திட்டத்தில் கிடைத்தது. திட்டத்திலிருந்து அவர் பெயரை அடித்தால் ஸ்பிளிண்டும் போய்விடும்.

“பொருள்ல கோளாறா, ஆள்மேல தப்பா? மாகாணக் குழுவுக்கு இன்னிக்கே எழுதணும்” என்றார் ஃபாங்.

“பொருள் சரியாத்தான் இருக்கு சார். சூடு பட்டா பழைய தட்டை உருவத்துக்குத் திரும்பும், அதான் அதோட குணம். மாமா, எங்க சூடு பட்டுச்சு?”

“ஆமா, வாணலியில போட்டு வறுத்தேன்!” என்றார் ஷியாங்.

மனைவிக்குப் பொறுக்கவில்லை. “சொல்லித் தொலைங்களேன். கால் ஊறவைக்கிற வெந்நீர் வாளியில அதோடயே காலை விட்டாரும்மா. மீன் வாயத் தொறக்குற மாதிரி விரிஞ்சுக்கிச்சு.”

ஃபாங் பேனாவைத் திறந்தார். “அப்ப நோயாளி தப்பு.”

ஷியாங்கின் காது சிவந்தது. “எப்பவும் கழட்டாதீங்கன்னு இந்தப் பொண்ணுதான சொல்லிச்சு? சிவப்பு விளக்குன்னா காலி ரோட்டுலயும் நிக்கிறவன் நான். கழட்டாதேன்னா கழட்டமாட்டேன்.”

சொன்னது ஜிங்ரோங்குக்கு நினைவிருந்தது. குளிக்கும்போது நனைக்கக் கூடாது என்றும் சொல்லியிருந்தாள். ஆனால் கால் ஊறவைப்பதைக் குளியல் என்று இந்த ஊரில் யார் நினைப்பார்கள்? அவளே தினமும் கால் ஊறவைக்க வாளிக்கு முன் உட்காருகிறவள்தான். தினமும் செய்வதாலேயே அது அவள் நினைப்புக்கு வரவில்லை.

எழுந்து போய்த் தொட்டியில் வெந்நீர் பிடித்து வந்தாள். அதில் போட்டதும் தகடு துவண்டது. அவர் குதிகாலில் வைத்து அழுத்தி, குளிரும்வரை பிடித்திருந்தாள். ஷியாங் எழுந்து மேசையைச் சுற்றி நடந்தார்.

“நடக்கிறாரு, சரி. கடிதம்?” என்றார் ஃபாங்.

ஜிங்ரோங் எழுதினாள்: தகடு தன் இயல்புப்படி நடந்தது. நோயாளி நாங்கள் சொன்னபடி நடந்தார். நான் சொன்ன விதம்தான் குறை. கால் ஊறவைக்கும்போது கழற்றச் சொல்லி, அவரைத் திட்டத்தில் தொடர அனுமதி வேண்டுகிறேன்.

ஃபாங் படித்தார். “உன்னைத்தான் கேள்வி கேப்பாங்க.”

“கேக்கட்டும் சார்.”

அவர் கையெழுத்திட்டார். ஜிங்ரோங் உறையை ஒட்டி, முத்திரை குத்தி, வாசலில் காத்திருந்த கூரியர்காரரிடம் கொடுத்தாள்.