ஆயுதபூசைக்கு வந்த ஈ

எழில்மொழி குப்பியை வெளிச்சத்தில் திருப்பினாள். உள்ளே சிவப்புக் கண். ஒன்றல்ல, பல.

"உன் வெள்ளைக்கண்ணுக்கெல்லாம் மெட்ராஸ் ஐ வந்துடுச்சுடி," என்றாள் பக்கத்து மேசை அஃப்ரீன்.

"வாயை மூடு."

அவள் வளர்க்கும் பழ ஈக்களுக்குக் கண் வெள்ளை. அறுந்த டி.என்.ஏ.வை ஒட்டும் மரபணுவும் அவற்றில் பழுது. வயலில் அடிக்கும் பூச்சிமருந்தைத் தீனியில் கலந்து, புழுக்கள் செத்தால், மருந்து டி.என்.ஏ.வை அறுக்கிறது என்பது அவள் கணக்கு. இரண்டு முறை செத்தன. இரண்டு முறையும் பேராசிரியர் பிரகதாம்பாள் உதட்டைப் பிதுக்கினார். "நோஞ்சான் ஈம்மா. எந்த விஷத்துக்கும் சாகும்." இந்த முறையும் நிரூபிக்காவிட்டால் ஆய்வுத் தலைப்பையே மாற்றிவிடுவார்.

இப்போது இது. ஆயுதபூசைக்கு ஆய்வகத்தில் யாரோ மைக்ராஸ்கோப்புக்குப் பொட்டு வைத்துப் பூவன் சீப்பைப் படைத்தார்கள். பழம் கனிந்து, சிவப்புக் கண் ஊர் ஈ மொய்த்தது. மறுநாள் அதன் பக்கத்திலேயே பஞ்சடைப்பைத் திறந்து தாய் ஈக்களை மாற்றியவள் இவள்தான். வேறு யாரைத் திட்டுவது?

கொட்டிவிடலாம் என்று எழுந்தாள். உட்கார்ந்தாள். மறுபடி எழுந்து, மருந்து கலந்த அந்தக் குப்பியின் ஈக்களை மயக்கி மைக்ராஸ்கோப்பின் கீழ் பரப்பினாள்.

சிவப்புக் கண் அத்தனையும் பெண். ஆண் ஒன்றுகூட இல்லை.

அப்படியென்றால் நுழைந்தது ஓர் ஆண் ஈ. ஒட்டும் மரபணுவும் கண் நிறமும் இருப்பது எக்ஸ் குரோமோசோமில்; அப்பனின் எக்ஸ் மகளுக்கு மட்டுமே. மகளுக்கு அப்பனின் நல்ல மரபணு போகும். சிவப்புக் கண்ணும் அதோடு போகும். மகனுக்கு இரண்டுமே போகாது. ஒப்பிட்டுப் பார்க்க வைத்த மருந்தில்லாத குப்பியில் வெள்ளைக்கண் மகன்கள் மொய்த்துக் கிடந்தார்கள். மருந்துக் குப்பியில் எவனும் இல்லை. ஒரே அப்பன், ஒரே தீனி. அக்காள் பிழைத்தாள், தம்பி செத்தான். நோஞ்சான் கதை இனி எடுபடாது.

குப்பிகளை அள்ளிக்கொண்டு பேராசிரியர் அறைக்கு ஓடினாள். அவர் வெகுநேரம் பார்த்தார்.

"பொட்டை ஈ எப்பவுமே கொஞ்சம் தெம்பு. ஊர் ஈயில ஆணும் பெண்ணும் இந்த மருந்தை ஒரே மாதிரி தாங்குதா?"

"தெரியாது மேடம்."

"அதைப் பாரு. ஊர் ஆண், உன் வெள்ளைக்கண் பெண், இந்த ஜோடியையும் நீயே கட்டி வை. பழத்துக்கு வந்தது சாட்சியாகாது."

"அப்ப தலைப்பு?"

"இப்போதைக்கு இருக்கு."

இப்போதைக்கு. அந்தச் சொல்லோடு குப்பிகளை எடுத்துக்கொண்டு திரும்பினாள்.

ஜோடி கட்ட, பெண் ஈக்களைக் கூட்டிலிருந்து வெளிவந்த சில மணி நேரத்துக்குள், ஆணோடு சேருமுன் பிரித்தாக வேண்டும். ஒரத்தநாட்டுக்குப் போன் போட்டாள். "அம்மா, தீபாவளிக்கு வரல."

"ஏன்டி, ஈயெல்லாம் முறுக்கு கேக்குதா?"

"ஆமா. அனுப்பி வை."

பேசும்போதே கண் குப்பியில் இருந்தது. கண்ணாடியில் ஒட்டிய கூடொன்று வாய் பிளந்தது. ஒரு பெண் ஈ இறக்கை சுருங்கியபடி வெளியே வந்தது. அம்மா ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். எழில்மொழி போனை மேசையில் வைத்துவிட்டுப் பஞ்சை உருவினாள்.